மண்ணில் ஆடிய ஆட்டங்கள் – 6: கிளித்தட்டு

கிளித்தட்டு ஆட மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், வலையும் வேண்டாம். கோடு கீற மண்ணும் ஒரு குச்சியும் சம எண்ணிக்கையில் இரண்டு கட்சிப் பிள்ளைகளும் போதும். தமிழ்நாட்டில் சில ஊர்களில் உப்புக்கோடு என்றும், யாழ்ப்பாணத்தில் தாச்சி என்றும் இதற்குப் பெயர் உண்டு. ஒரு கட்சி கோடுகளின் மேல் நின்று மறிக்கும். மறு கட்சி அவர்களிடம் தொடுபடாமல் எல்லாக் கோடுகளையும் தாண்டி மறுமுனைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும்.

கட்சி பிரிப்பதிலேயே ஒரு நியாயம் இருக்கிறது. ஓட்டத்திலும் உடல்வாகிலும் ஏறக்குறைய சமமான இருவர் சோடி சேர்ந்து, தனியே போய் ஆளுக்கொரு மறைபெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். இரு தலைவர்களில் ஒருவர் அந்த இரண்டு பெயர்களில் ஒன்றைக் கேட்பார். அந்தப் பெயருக்குரியவர் அவர் கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி. இதுதான் உத்தி பிரித்தல். வல்லவர் எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை. மெலிந்த பிள்ளையும் ஆட்டத்துக்குள் வந்துவிடும்.

ஐந்து பேர் கொண்ட கட்சி என்றால் ஐந்து குறுக்குக் கோடுகள். அவற்றை நடுவில் வெட்டிச் செல்லும் நெடுங்கோடு ஒன்று. பெட்டி ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பத்தடி என்று வைத்துக்கொண்டால் களம் நாற்பதடி நீளம், இருபதடி அகலத்தில் எட்டுப் பெட்டிகளாக அமையும். கிராமத்தில் யாரும் நாடா பிடித்து அளப்பதில்லை. காலடி வைத்துத்தான் அளப்பார்கள். ஆனால் பெட்டி மிகச் சிறிதாகிவிட்டால் மறிப்பவரின் கை எல்லா இடத்துக்கும் எட்டிவிடும், ஆட்டம் நகராது. ரொம்பப் பெரிதாகிவிட்டால் மறிப்பவருக்கு வேலையே இல்லை. இந்த அளவை ஆடிப் பழகிய பிள்ளைகள் கண்ணாலேயே சரிபார்த்துவிடுவார்கள்.

மறிப்பவர்களுக்கு ஆளுக்கொரு குறுக்குக் கோடு. கோட்டை விட்டு இறங்கக் கூடாது. கோட்டின் மேலேயே இருபுறமும் ஓடலாம், கையை எட்டிய மட்டும் நீட்டலாம். முதல் கோட்டில் நிற்பவர்தான் கிளி. அவருக்கு மட்டும் நெடுங்கோட்டில் இறங்கி ஓடும் உரிமை உண்டு. ஆட்டத்தின் உயிர் இந்த ஒரு விதியில் இருக்கிறது. கிளி நடுவில் வந்துவிட்டால் பெட்டியின் உட்பக்கம் ஆபத்தாகிவிடும். இறங்குபவர்கள் வெளி ஓரங்களுக்கு ஒதுங்குவார்கள். இடது ஓரத்தில் ஒருவர், வலது ஓரத்தில் ஒருவர் என நின்று, குறுக்குக் கோட்டில் நிற்பவரை இருபுறமும் இழுப்பார்கள். அவர் ஒருவரை நோக்கிப் பாய்ந்த கணத்தில் மற்றவர் தாண்டிவிடுவார். தாண்டியவர் அடுத்த பெட்டியில் நிம்மதியாக நிற்கவும் முடியாது. முன்னால் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு, பக்கவாட்டில் கிளி, மிச்சமுள்ள பக்கத்தில் எல்லைக்கோடு. மறிக்கும் கட்சி ஒன்றுபட்டு ஆடினால் இந்தப் பெட்டிக்குள் ஒருவரை அடைத்துவிடலாம். அதிலிருந்து தப்ப வேகம் மட்டும் போதாது, போக்குக் காட்டத் தெரிய வேண்டும்.

மறுமுனையைக் கடந்து திரும்பி வருபவர் ‘பழம்’. இன்னும் இறங்கிக்கொண்டிருப்பவர் ‘காய்’. ஒரே நேரத்தில் காயும் பழமும் எதிரெதிர்த் திசையில் வருவதால் கோட்டில் நிற்பவர் முன்னும் பின்னும் கண் வைத்திருக்க வேண்டும். ஒருவர் தொடுபட்டாலே கட்சி முழுவதும் மறிக்கப் போக வேண்டும் என்பது சில ஊர் வழக்கம். தொடுபட்டவர் மட்டும் விலக வேண்டும் என்பது வேறு சில ஊர் வழக்கம். சிறு பிள்ளைகளுக்கு முதல் வழக்கமே நல்லது. யாரும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நேராது.

இந்த ஆட்டத்தின் உறவுகள் ஆசியா எங்கும் உண்டு. மகாராஷ்டிரத்தில் இது ஆட்யா பாட்யா. அங்கே விதிமுறைகள் எழுதப்பட்டு, கட்சிக்கு ஒன்பது பேருடன் போட்டி விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. 13 அங்குல அகலமும் 23 அடி 1 அங்குல நீளமும் கொண்ட ஒன்பது குறுக்குப் பட்டைகள், ஒன்றுக்கொன்று 11 அடி இடைவெளி, நடுவே நெடும்பட்டை என்று களத்துக்குத் துல்லியமான அளவு இருக்கிறது. வங்கதேசத்தின் தாரியாபந்தா, ஜாவாவின் கோபாக் சோடோர், மலேசியாவின் காலா பாஞ்சாங், பிலிப்பைன்ஸின் பாட்டின்தேரோ ஆகிய எல்லாவற்றிலும் மண்ணில் கோடு, கோட்டில் காவல், தாண்டித் திரும்புதல் என்ற அமைப்பு ஒன்றே. ஈழத்தமிழர் குடியேறிய நாடுகளிலும் ஊர் ஒன்றுகூடல்களில் தாச்சி மறிக்கிறார்கள்.

உடலுக்கு இது தரும் பயிற்சி தனி வகை. மைதானத்தைச் சுற்றி ஓடும்போது கால் ஒரே சீராக இயங்குகிறது. கிளித்தட்டில் அப்படி இல்லை. சில விநாடி முழு வேகம், சட்டென நிற்றல், இடுப்பைத் தாழ்த்தித் திரும்புதல், மறுபடி பாய்ச்சல், இடையில் பெட்டிக்குள் மூச்சு வாங்க ஒரு சிறு இடைவேளை. இன்றைய உடற்பயிற்சிக் கூடங்கள் இடைவெளிப் பயிற்சி என்ற பெயரில் சொல்லித்தருவதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். மறிப்பவருக்கோ பக்கவாட்டு ஓட்டம். அன்றாட வாழ்க்கையில் அதிகம் வேலை கிடைக்காத தொடைத் தசைகள் அதில் உழைக்கின்றன.

எலும்புக்குக் கிடைக்கும் பயன் இன்னும் பெரிது. திடீரென நிற்பதும் திசை மாறுவதும் எலும்பின் மேல் பல திசைகளிலிருந்து பாரம் ஏற்றுகின்றன. அதற்கு எதிர்வினையாகவே எலும்பு தன்னை உறுதிப்படுத்திக்கொள்கிறது. வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும் விடலைப் பருவத்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஒருவரின் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் உட்கார்ந்தே கழித்தால் பின்னால் ஈடுகட்டுவது கடினம்.

கண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற நடவடிக்கை தரப்பட்டது. மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. அந்த நேரம் தரப்படாத பள்ளிகளில் அது சுமார் 40 விழுக்காடு. பிள்ளை வெட்டவெளியின் வெளிச்சத்தில் இருப்பதே ஒரு பாதுகாப்பு.

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அதே அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2016ஆம் ஆண்டு நிலவரத்தில், உலகில் 11 முதல் 17 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு. இந்த வேறுபாடு தானாக வந்ததல்ல. பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு தட்டு மறித்த சிறுமியை, வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் நிறுத்திய வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. இன்னும் முற்றாக ஒழியவில்லை.

களமும் போய்விட்டது. தெருக்கள் சிமென்ட் ஆயின. வாசல்களை வண்டிகள் அடைத்துக்கொண்டன. நிலா வெளிச்சத்தில் ஆட்டம் நடந்த கோயில் திடல்களில் பேவர் பிளாக் பதித்தாயிற்று. வெறுங்காலோடு திரும்பி விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும் மண்ணில் ஆட வேண்டியதைக் கல்லின் மேல் ஆட முடியாது, முட்டி பெயர்ந்துவிடும்.

எஞ்சியிருப்பது பள்ளி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றின் பட்டியலில் விளையாட்டு மைதானத்தையும் சேர்த்திருக்கிறது. கிளித்தட்டுக்கு ஒரு கைப்பந்துக் களத்தின் பாதிக்கும் குறைவான இடமே தேவை. அதில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். கல், கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட வேண்டும். கையால் தொடலாம், பிடித்துத் தள்ளக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உச்சி வெயில் வேளையைத் தவிர்க்க வேண்டும். ஆசிரியர் செய்ய வேண்டிய ஏற்பாடு அவ்வளவுதான். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும். வளாகத்துக்குத் தளம் போடத் திட்டமிடும் நிர்வாகங்கள், நாற்பதுக்கு இருபது அடி மண்ணையாவது அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

(அடுத்த இதழில்: கிட்டிப்புள்)