கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் தொற்று ஏன் வாட்டை விட்டுப் போவதில்லை?

வைத்தியசாலைக்குள் தொற்று பரவும் விதத்தைக் கணக்கிடும் மாதிரிகள் மலேரியா ஆராய்ச்சியிலிருந்து வந்தவை. 1897இல் செக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் ரொனால்ட் ரோஸ். ஓர் ஊரில் நுளம்பு எந்த அளவுக்குக் குறைந்தால் நோய் தானாக அணையும் என்பதை அவர் பின்னாளில் சமன்பாடாக எழுதினார். 1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் அதை விரித்தார். 1990களில் வைத்தியசாலைத் தொற்றைக் கணக்கிட வந்தவர்கள் அதே சமன்பாட்டை எடுத்து, நுளம்பு இருந்த இடத்தில் தாதியர், வைத்தியர், சிற்றூழியர் ஆகியோரின் கையை வைத்தார்கள்.

பொருத்தம் ஆழமானது. ஒருவரைக் கடித்துக் கிருமியை எடுக்கும் நுளம்பு, இன்னொருவரைக் கடித்தால்தான் நோய் பரவும். கையும் ஒரு கட்டிலில் எடுத்ததை அடுத்த கட்டிலில் இறக்குகிறது. நுளம்பு செத்தால் அதன் கதை முடிகிறது. கையைக் கழுவினால் கையின் கதை முடிகிறது. இதிலிருந்து வரும் முதல் விடை ஆள்தொகை பற்றியது. ஒரு தாதி பார்க்கும் நோயாளர் தொகை இரண்டு மடங்காகி, மணிக்கு அவர் கை கழுவும் தடவைகள் கூடாவிட்டால், கிருமியைச் சுமக்கும் ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு அதைக் கொடுக்கிறார் என்பதைச் சொல்லும் பரவல் எண்ணும் இரண்டு மடங்காகும். கட்டில் போதாமல் தரையிலும் நோயாளரைப் படுக்க வைத்திருக்கும் வாட்டில் தொற்று கூடும்போது தாதியரின் கவனக்குறைவை மட்டும் காரணமாகக் காட்டுவது பாதிக் கணக்கு. ஆள்பற்றாக்குறையும் அந்தச் சமன்பாட்டின் உள்ளேயே இருக்கிறது.

கை கழுவுதலின் அளவுக்கும் எளிய கணக்கு உண்டு. தடுப்பு எதுவும் இல்லாத வாட்டில் ஒரு சுமப்பவர் நால்வருக்குத் தொற்றைக் கொடுப்பார் என்றால், கழுவ வேண்டிய நான்கு தருணங்களில் மூன்றுக்கு மேல் கழுவினால்தான் பரவல் எண் ஒன்றுக்குக் கீழே இறங்கும். ஆண்டுதோறும் மே 5, உலக கை சுகாதார தினத்தையொட்டி வரும் சதவீதங்களை இந்த இடத்தில் எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். அவை பெரும்பாலும் ஒருவர் நின்று பார்த்து எண்ணியவை. டொராண்டோவில் மின்னணுக் கருவி வைத்து அளந்தபோது, எண்ணுபவர் கண்ணில் படும் இடத்தில் கை கழுவுதல் மற்ற இடங்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. எண்ணுபவர் போன பிறகு நடப்பதே நோயாளருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

எல்லாவற்றையும்விடக் கவலை தரும் கண்டுபிடிப்பு 1999இல் வந்தது. சிக்காகோவின் குக் கவுண்டி வைத்தியசாலைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், வன்கோமைசின் என்ற அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத என்டரோகொக்கஸ் கிருமியை ஆய்வாளர்கள் இந்த மாதிரியால் ஆராய்ந்தார்கள். தடுப்பு இல்லாவிட்டால் பரவல் எண் 3.8 அளவில் இருந்திருக்கும். கை கழுவியும், ஒரு தாதி குறிப்பிட்ட நோயாளரை மட்டுமே பார்க்கும்படி ஒழுங்கு செய்தும் அதை 0.7 அளவுக்கு இறக்கியிருந்தார்கள். ஒன்றுக்குக் கீழே வந்தால் தொற்று அணைய வேண்டும் என்பதே பாடநூல் விதி. அணையவில்லை. தடுப்பு இல்லாவிட்டால் 79 சதவீத நோயாளரிடம் இருந்திருக்கக்கூடிய கிருமி, 36 சதவீதத்தினரிடம் இருந்துகொண்டே இருந்தது. காரணம் வாசல். கிருமியைச் சுமந்தபடி புதியவர்கள் தொடர்ந்து அனுமதிக்கப்பட்டார்கள்.

சிறு கணக்கொன்று போட்டால் இது தெளியும். எப்போதும் நிரம்பியிருக்கும் 40 கட்டில் வாட்டு. பரவல் எண் 0.7, அனுமதிக்கப்படுபவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் கிருமியைச் சுமந்து வருகிறார். நாளடைவில் அங்கே ஏறக்குறைய 9 பேர் சுமப்பவர்களாக இருப்பார்கள். நான்கு பேர் கொண்டு வந்தவர்கள். மற்ற ஐவரும் வாட்டிலேயே பெற்றவர்கள். கை கழுவுதலை இன்னும் கூட்டிப் பரவல் எண்ணை 0.5 ஆக்கினால் 9 பேர் 7 ஆவார்கள். அதை விட்டுவிட்டு, சுமந்து வருபவர் தொகையைப் பாதியாக்கினால் 9 பேர் 5 ஆவார்கள். யாருமே சுமந்து வராவிட்டால் மட்டுமே கணக்கு பூச்சியத்தில் முடியும். ஆகவே, தொற்று கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று ஒரு வைத்தியசாலை அறிவிப்பது உண்மையாகவே இருக்கலாம்; அதே நாளில் அதன் வாட்டில் ஐந்து பேர் உள்ளேயே தொற்றுப் பெற்றவர்களாகவும் இருக்கலாம்.

கொழும்பில் இந்த வாசல் அகலமானது. அரச வைத்தியசாலைக்குப் போக இலங்கையில் யாருடைய பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை. இலவச மருத்துவத்தின் பெரும் நன்மை அது, கைவிடக் கூடாதது. ஆனால் வெள்ளவத்தைவாசி ஒருவர் காலையில் களுபோவில வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய், மாலையில் தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணி, அடுத்த வாரம் தேசிய வைத்தியசாலையில் அனுமதியாகலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து தேசிய வைத்தியசாலைக்கு வருபவரின் பக்கத்துக் கட்டிலில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றப்பட்டவர் இருக்கலாம். துண்டு வெட்டி அனுப்பும்போது கொடுக்கும் அட்டையில் நோயின் பெயர் இருக்கும். கிருமியைச் சுமக்கிறாரா என்று பரிசோதிக்கப்படாதவரின் அட்டையில் அதை எழுத வழியில்லை. சுமப்பவருக்குக் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை.

பென் கூப்பர், கிரஹம் மெட்லி முதலியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகொக்கஸ் ஒரியஸான எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியைச் சிலர் மாதக்கணக்கில் உடலில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்த் திரும்பி அனுமதியாகும்போது பரவலின் அடுத்த பகுதி தொடங்குகிறது. ஒரு தடவை தங்கும்போது ஒன்றுக்குக் கீழே நிற்கும் பரவல் எண், எல்லாத் தடவைகளையும் கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடலாம். அப்போது தொற்று ஆண்டுக்கணக்கில் மெல்லச் சேர்ந்து, தனிமைப்படுத்தும் கட்டில்கள் நிரம்பிய பிறகு கைமீறுகிறது. தங்கியிருக்கும் காலத்தை மட்டும் எண்ணும் வைத்தியசாலை இதைக் காணவே முடியாது. இங்கிலாந்தில் 1990இல் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஒரியஸ் இரத்தத் தொற்றுகளில் இரண்டு சதவீத அளவில் இருந்த எம்.ஆர்.எஸ்.ஏ.யின் பங்கு பத்தாண்டில் நாற்பதைத் தாண்டியது. 2001இல் ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் எண்ணிக்கையை அறிக்கையிடுவது அங்கே கட்டாயமாக்கப்பட்டது. அந்த எண்கள் பெயரோடு வெளியாகின. இலங்கை நோயாளருக்கும் அந்த உரிமை வேண்டும்: வாட்டில் தொற்றியவர் தொகையும், வாசலில் சுமந்து வந்தவர் தொகையும், தனித்தனியாக.

வாசலைக் காவல் செய்ய இந்த நாட்டுக்குத் தெரியாது என்றில்லை. 1963இல் இலங்கை முழுவதும் 17 பேருக்கே மலேரியா இருந்தது, கண்காணிப்புத் தளர்ந்தது, 1968, 1969இல் நோயாளர் பல இலட்சமானார்கள். இன்று, 2016இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்த பிறகும், வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வரும் ஒவ்வொருவரையும் மலேரியா எதிர்ப்பு இயக்கம் தேடிப் பின்தொடர்கிறது. அதே சமன்பாட்டில் வாசலால் வருபவரைக் குறிக்கும் அதே உறுப்பு அது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள் போதும்.

பார்வையாளர் நேரத்தைக் குறைத்தால் பயன் உண்டா? சிறிதளவே, பார்க்க வருபவர் பெரும்பாலும் ஒரே கட்டிலைத் தொடுகிறார்.

கையுறை? கட்டிலுக்குக் கட்டில் மாற்றாத கையுறை, கழுவாத கைதான்.

அன்டிபயோட்டிக்கைக் குறைத்தால்? பக்கத்துக் கட்டில்காரர் எளிதில் தொற்றுப் பெறுவது குறையும். அடுத்த தடவை சுமந்து வருபவர் தொகையும் குறையும்.

டெங்கு? அங்கே ரோஸின் சமன்பாடு மாற்றமின்றிப் பொருந்தும்: 186,101 பேர் பாதிக்கப்பட்ட 2017இலும் சரி, இன்றும் சரி, காய்ச்சல்காரரின் கட்டிலுக்குப் போடும் நுளம்பு வலை மற்றவர்களைக் காப்பதற்கு.

கொவிட்? காற்றில் பரவுவதால் கையை வைத்துப் போடும் கணக்கு போதாது. சாளரமும் காற்றோட்டமும் சேர வேண்டும்.

ஒரு மாதம் யாருக்குமே தொற்றவில்லை என்றால்? சுமந்து வருபவர் குறைவான சிறிய வாட்டில் அது தற்செயலாகவும் நடக்கலாம். ஓராண்டுக் கணக்கையாவது கேட்க வேண்டும்.