அலைமேல் ஆட்டங்கள் – 9: இழுப்பது காற்றா, பட்டமா?

கைட்சர்ஃபிங் பட்டம் காற்றில் மிதப்பதில்லை, பறக்கிறது. மொட்டைமாடிக் காகிதப் பட்டத்துக்கு ஒற்றை நூல் போதும். ஓர் ஆளைக் கடல்மேல் இழுத்துச் செல்லும் பட்டத்துக்கு நான்கு கயிறுகள் வேண்டும். அதன் முன்விளிம்பு காற்றடைத்த தடித்த குழாய். பிறை வடிவில் வளைந்திருக்கும். அதிலிருந்து பின்னோக்கிச் சில சிறு குழாய்கள் ஓடும். இவற்றின்மேல் எளிதில் கிழியாத மெல்லிய துணி இறக்கையாக விரிந்திருக்கும். முன்கயிறுகள் இரண்டும் சறுக்குபவரின் இடுப்பில் கட்டிய ‘ஹார்னெஸ்’ என்ற பட்டையின் கொக்கியில் வந்து சேர்கின்றன. பின்கயிறுகள் இரண்டும் கையில் பிடிக்கும் ‘பார்’ என்ற அரை மீட்டர் கம்பின் இரு முனைகளில் கட்டப்பட்டிருக்கும். இழுவையின் பெரும்பகுதியை இடுப்பு தாங்கிக்கொள்கிறது. பட்டத்தைத் திருப்புவதும் இழுவையைக் கூட்டிக் குறைப்பதும்தான் கையின் வேலை. ஹார்னெஸ் இல்லாவிட்டால் சில நிமிடங்களிலேயே தோள்கள் சோர்ந்துவிடும்.

காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முன்னால், கயிறு எட்டும் தூரத்துக்குள்தான் பட்டம் பறக்க முடியும். பொதுவாக இது 20 முதல் 24 மீட்டர். இந்த வெளி கோளமொன்றின் கால் பங்கு. விளையாடுபவர்கள் இதை ‘விண்டோ’ என்கிறார்கள். இதில் இடங்களைக் குறிக்கக் கடிகார முகத்தைக் கணக்கில் கொள்வது வழக்கம். தலைக்கு நேர்மேலே 12 மணி, இடக்கைப் பக்கம் நீர்மட்டத்தில் 9, வலக்கைப் பக்கம் 3. 9-இலிருந்து 12 வழியாக 3 வரை செல்லும் இந்த விளிம்பு நெடுக எங்கே நின்றாலும் பட்டம் மென்மையாகவே இழுக்கும். விளிம்பை விட்டு நடுப்பகுதிக்குள், அதாவது சறுக்குபவருக்கு நேர்முன்னே கீழ்நோக்கி, அது இறங்கினால் இழுவை பலமடங்காகும்.

இதற்குக் காரணம் பட்டத்தின் சொந்த வேகம். ஓரிடத்தில் நிற்கும் பட்டத்தைத் தொடுவது வீசும் காற்று மட்டுமே. நடுப்பகுதியின் குறுக்கே பாயும் பட்டமோ, வீசும் காற்றோடு தன் பாய்ச்சலால் எழும் காற்றையும் சேர்த்தே சந்திக்கிறது. இறக்கையில் பிறக்கும் விசை காற்றுவேகத்தின் இருமடியைப் பொறுத்தது. காற்று 14 நாட் (knot) வேகத்திலிருந்து 20 நாட் வேகத்துக்கு ஏறினாலே விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பட்டம் தன் பாய்ச்சலால் தன்மீது மோதும் காற்றின் வேகத்தை இரட்டித்துக்கொண்டால் விசை நான்கு மடங்கு. ஒரே பட்டம், ஒரே காற்று: 12 மணியில் நிறுத்தி வைத்தால் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம், நடுப்பகுதி வழியே 2 மணியை நோக்கிப் பாய விட்டால் கால் தரையில் நிற்காது. யாராவது தூக்கி எறியப்பட்டால், பார்த்தவர்கள் காற்றைக் குறை சொல்வார்கள். காற்று மாறாமலே இருந்திருக்கலாம்; பட்டம் நடுப்பகுதியைக் கடந்திருக்கும். இந்த விளையாட்டில் முதலில் மனதில் பதிய வேண்டிய செய்தி இதுதான்.

பாரை உடலை நோக்கி இழுத்தால் பின்கயிறுகள் இறுகி, பட்டத்தின் பின்விளிம்பு கீழே வரும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும். ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே உள்ளங்கையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கை மேலே எழும்புவதுபோல, கோணம் கூடக்கூட இழுவையும் கூடும். பாரைத் தள்ளிவிட்டால் கோணம் குறைந்து இழுவை தளரும். அச்சத்தில் கை இறுகுவது மனித இயல்பு; பிடித்ததை மார்போடு அணைத்துக்கொள்ளத் தோன்றும். இங்கே அது நேர்மாறான பலனைத் தரும். திடீர் வீச்சு வரும்போது பாரை விடுவதே சரி. கற்பவரின் முதல் சில நாட்கள் இந்த இயல்பை மாற்றிக்கொள்வதிலேயே கழிகின்றன.

பாரின் வலமுனையை இழுத்தால் வலப் பின்கயிறு குறுகும், பட்டத்தின் வலநுனி முறுக்கிக்கொண்டு தயங்கும், பட்டம் வலப்பக்கம் திரும்பும். சிறிய பட்டம் குறுகிய வட்டத்தில் சட்டெனத் திரும்பும். பெரியது அகல வளைந்து மெதுவாகத் திரும்பும். கயிற்றைக் குறைத்தாலும் பட்டத்தின் பதில் விரைவாகும், ஆனால் அது பாயும் தூரம் சுருங்குவதால் இழுவை குறையும். இன்னொரு நுட்பமும் உண்டு. பாரை முழுவதும் தள்ளிவிட்டால் பின்கயிறுகள் தொய்ந்துவிடும். அந்நிலையில் எவ்வளவு திருப்பினாலும் பட்டம் கேட்காது. திருப்புவதற்குச் சிறிதளவாவது இறுக்கம் தேவை.

நீரிலிருந்து கிளம்பும்போது சறுக்குபவர் பலகையைக் கால்களில் மாட்டி மல்லாந்து கிடப்பார். பட்டம் 12 மணியிலிருந்து செல்லும் திசைப் பக்கமாகப் பாய, அந்த இழுப்பில் அவர் எழுந்து நிற்கிறார். வேகம் பிடித்ததும் பட்டத்தை 45 பாகை உயரத்தில், ஏறக்குறைய 10.30 அல்லது 1.30 மணியில், நிறுத்திவிடலாம். காற்று மெலிந்திருந்தால் அதை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; அந்த ஆட்டத்தின் வேகமே இழுவையாகிறது. காற்றை எதிர்த்து முன்னேறப் பலகையின் விளிம்பை நீரில் அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் கயிறு விறைத்து, பட்டம் விண்டோவின் விளிம்புக்கு முன்னேறும். அழுத்தாமல் பட்டத்தை நோக்கியே சறுக்கினால் கயிறு தளர்ந்து, பட்டத்தின் மீதுள்ள பிடி போய்விடும். குதிப்பவர்கள் செல்லும் திசைக்கு எதிர்ப்புறமாகப் பட்டத்தை விரைவாக 12 மணிக்கு மேலே ஏற்றிப் பாரை இழுக்கிறார்கள். இறங்கும்போது அதை மறுபடி முன்னே பாய விட்டால்தான் தரையிறக்கம் மென்மையாக அமையும்.

பட்டம் அடம்பிடிக்கும் விதங்கள் முக்கியமாக இரண்டு. பாரை அளவுக்கு மீறி இழுத்துப் பிடித்தால் கோணம் மிகுந்து, காற்றோட்டம் இறக்கையை விட்டு விலகும். பட்டம் முன்னேறாமல் பின்பக்கமாகச் சரியும். பாரைத் தள்ளினால் அது மீண்டும் பறக்கத் தொடங்கும். மற்றது, 12 மணியைத் தாண்டிச் சறுக்குபவரின் தலைக்குப் பின்னே பட்டம் ஓடிவிடுவது. கயிறுகள் தொய்ந்து, இறக்கை குப்புற விழும். காற்று விட்டுவிட்டு வீசும் நாட்களில் இது அடிக்கடி நேரும். பட்டத்தை 12 மணியில் நிறுத்தி வைப்பதைவிட 45 பாகையில் வைப்பது அப்போது பாதுகாப்பானது.

விழுந்த பட்டத்தை நீரிலிருந்தே எழுப்ப முடியாத வரை கைட்சர்ஃபிங் விரைவில் பரவ வழியில்லாதிருந்தது. அமெரிக்காவின் ரோஸ்லர் தந்தையும் மகனும் 1990-களில் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘கைட்ஸ்கி’யில், கயிற்றைச் சுருட்டிப் பட்டத்தை அருகே இழுக்க உருளை ஒன்று பாரிலேயே பொருத்தப்பட்டிருந்தது. எளிய தீர்வு பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் பிறந்தது. புருனோ, டொமினிக் லெகெய்னூ சகோதரர்கள் காற்றடைத்த குழாய்கள் கொண்ட பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கோரினார்கள். விழுந்தாலும் மூழ்காத அந்தப் பட்டம் ‘விபிக்கா’ என்ற பெயரில் 1997-இல் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் அக்கால ‘C’ வடிவப் பட்டங்களில் பாரைத் தள்ளினாலும் இழுவை ஓரளவுக்கு மேல் குறையாது. 2005-இல் புருனோவின் அடுத்த ஆக்கமான வில் வடிவப் பட்டம் இக்குறையைத் தீர்த்தது. முன்கயிறுகளைப் பட்டத்தின் நுனிகளில் கட்டாமல், முன்விளிம்பு நெடுகப் பல இடங்களில் சூத்திரக் கயிறு போட்டுத் தாங்கியதும், பின்விளிம்பை உள்வளைத்ததும் இதன் அடிப்படை. பாரைத் தள்ளினால் இழுவை கிட்டத்தட்ட முழுவதுமாக அடங்குகிறது. இந்த விளையாட்டில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு முன்னேற்றம் வேறு இல்லை என்றே கொள்ளலாம்.

முன்விளிம்பு நீரில் படிய விழுந்த பட்டத்தை எழுப்ப ஒரு பக்கப் பின்கயிற்றைப் பிடித்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பட்டம் ஒரு நுனியில் சாய்ந்து, மெல்ல விண்டோவின் விளிம்புக்கு நகர்ந்து, அங்கிருந்து ஏறும். அவசரப்பட்டு நடுப்பகுதியிலேயே கிளப்பினால் அது முழு விசையோடு எழும். புதியவர்களுக்கு அது ஆபத்து.

75 கிலோ எடையுள்ளவருக்கு 15 முதல் 20 நாட் காற்றில், அதாவது மணிக்கு 28 முதல் 37 கிலோமீட்டரில், 12 சதுர மீட்டர் பட்டம் பொதுவாக ஏற்றது. அதற்கு மேல் 9, இன்னும் பலத்த காற்றுக்கு 7. காற்றின் அளவைவிட அது வீசும் சீர்மை முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று சீராக வீசும் இலங்கையின் கற்பிட்டிக் களப்பும், ஒருபுறம் பாக் விரிகுடாவும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் கொண்ட இராமேசுவரம் பகுதியும் கற்பவர்களை ஈர்ப்பதற்கு இதுவே காரணம். ஆழம் குறைந்த, அலை அடங்கிய நீரில் பட்டத்தை மட்டும் கவனித்தால் போதும்.

பந்தயங்களில் குழாய் இல்லாத இன்னொரு வகை ஆளுகிறது. காற்று உள்ளே புகுந்து நிரம்பும் அறைகளால் ஆன நீண்ட ஒல்லியான இறக்கை அது. காற்றை எதிர்த்துச் செல்வதில் அதற்கு இணை இல்லை. நீரில் விழுந்தால் எழுப்புவது கடினம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற இப்போட்டி மார்சேயில் நடந்தது. ஆடவரில் ஆஸ்திரியாவின் வாலண்டின் போண்டுஸும் மகளிரில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிஜும் தங்கம் வென்றார்கள்.

எந்தப் பட்டமானாலும் பிடிக்கு அடங்காதபோது முதலில் பாரை விட வேண்டும். அதுவும் போதாவிட்டால் கொக்கிக்கு மேலுள்ள விடுவிப்பானைத் தள்ளினால், பட்டம் ஒற்றை முன்கயிற்றில் மட்டும் தொங்கி விசை இழக்கும். அந்தக் கயிறும் உடலோடு ஒரு வாரால் இணைந்திருப்பதால், பிறர்மீது சிக்கியிருந்தாலோ படகு இழுத்தாலோ வாரையும் கழற்றிவிடலாம். கரை தொலைவில் இருந்தால் கயிறுகளைப் பாரில் சுற்றிக்கொண்டே பட்டத்தை அடைந்து, அதன் நுனிகளைப் பிடித்து, பாய்போலக் காற்றில் நிமிர்த்திக் கரைக்கு வரலாம். காற்றடைத்த குழாய் மிதவையாகவும் உதவும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் இதே பட்டம் ஆளை வெளியே கொண்டுபோய்விடும். துணைப் படகு இல்லாமல் அத்தகைய காற்றில் இறங்கவே கூடாது.