திருவிழாவுக்கு அடுத்த நாட் காலை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரத்தில் நான் பணியாற்றிய பங்கொன்றில் புனித அந்தோனியாருக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. யூன் 13ஆந் திகதி திருவிழா. திருப்பலி முடிந்ததும் நேர்த்திச் சாப்பாடு கொடுப்பது அங்கு நெடுநாளைய வழக்கம். அந்த வருடமும் சோற்றுப் பொதிகள் தாராளமாகக் கட்டப்பட்டன. எல்லோரும் மகிழ்ச்சியோடு உண்டு கலைந்தார்கள்.

மறுநாட் காலை ஆலயத்தின் பின்பக்கத்தில் குப்பை கொளுத்தப்பட்டது. கறி ஒட்டிய லஞ்ச் சீற்றுகள், சொப்பிங் பைகள், தண்ணீர்ப் போத்தல்கள், யோகட் கோப்பைகள் எல்லாம் ஒரே குவியல். கரும்புகை பக்கத்து வளவுக்குள் இறங்கியது. அந்த வளவில் ஓர் ஆச்சி தன் பேரனோடு வசித்து வந்தார். பொடியனுக்குத் தொய்வு நோய். ஆச்சி வேலியோரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். “சுவாமி, அந்தோனியார் பேரால பொதி தந்தனீங்கள். நல்லாச் சாப்பிட்டனாங்கள். இப்ப அந்தப் பொதியின்ர புகையைத்தான் இவன் குடிக்கிறான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு முகங்கொடுக்க முடியவில்லை. ஏனெனில் அதற்கு முந்திய ஞாயிறு மறையுரையில் நான் பேசியது படைப்பைப் பேணுவது பற்றி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரியில் மடுத்திருப்பதிக்கு வந்தார். அதே வருடம் மே மாதத்தில், நம் பொது இல்லமாகிய பூமியைப் பற்றி அவர் ஒரு சுற்றுமடலை எழுதினார். அதிலே உலகப் பொருளாதாரத்தைப் பற்றிய பெரிய விடயங்களோடு, பிளாஸ்ரிக்கைத் தவிர்ப்பது, உண்ணக்கூடிய அளவுக்கு மட்டும் சமைப்பது, தேவையற்ற விளக்கை அணைப்பது போன்ற வீட்டு விடயங்களும் வருகின்றன. மறையுரையில் அவற்றையெல்லாம் விரிவாகவே சொன்னேன். லஞ்ச் சீற்றுக்கு ஓடர் கொடுத்தவனும் நான்தான்.

அது சட்டப்படியும் குற்றம். கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டது 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில். அதே வருடம் செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் நாட்டில் தடை செய்யப்பட்டன. ஆனாலும் கேட்டால் கடையில் கிடைத்தது. நானும் கேட்டேன்.

நமது மண்ணில் குப்பையைக் கொளுத்துவதையும் புதைப்பதையும் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அதைத்தான். வெடிப்புள்ள கல் எதையும் நன்றாக வடிகட்டித் தராது. வளவின் மூலையில் கிடங்கு வெட்டிப் போடுவதும், எரித்த சாம்பலும், மழையோடு மழையாகக் கிணற்றை நோக்கித்தான் போகின்றன. புகையோ அதைவிடக் கெட்டது. பீ.வீ.சீ. வகைப் பிளாஸ்ரிக்கை எரித்தால் டயொக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. எரிக்காமல் வெளியில் எறிந்த யோகட் கோப்பையில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். ஆகவே வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு இந்தச் சாமானை என்ன செய்தாலும் கரைச்சல்தான். வராமல் தடுக்கும் இடம் கடைவாசல் ஒன்றே.

இதை நாம் அறியாதவர்களா? 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது நான் பள்ளிச் சிறுவன். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் கிடைத்தற்கரிய பொருட்கள். ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெயில் திரி எரித்துப் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த வீடுகள் எத்தனை! சந்தைக்கு உமல் போயிற்று; கடைச்சாமான் பேப்பர்ச் சரையில் வந்தது; கூழுக்குப் பனையோலைப் பிளா இருந்தது. குப்பை என்று ஒன்று வளவில் கிடந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த நாட்களைப் புகழ்ந்து பேச நான் வரவில்லை. மருந்தில்லாமல் இறந்தவர்களும் அந்த நாட்களில்தான் இறந்தார்கள். வற்புறுத்தலால் வந்த சிக்கனம் வற்புறுத்தல் போனதும் போய்விட்டது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது தெற்கிலிருந்து சாமான் குவிந்தது. கண்ணைப் பறிக்கும் உறைகளில் எதையும் வாங்கலாம் என்பது அன்று விடுதலை போலவே இருந்தது. உமலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது வறுமையின் அடையாளமாயிற்று. இன்று அதே உமலும் கடகமும் கொழும்புக் கடைகளில் அலங்காரப் பொருளாக விற்கப்படுகின்றன. பின்னிய பெண்ணோ சொப்பிங் பையோடு சந்தைக்குப் போகிறாள்!

ஆச்சி வேலியில் நின்று சொன்னதற்குப் பிறகு, மாதர் சங்கக் கூட்டத்தில் இந்த விடயத்தை எடுத்தோம். உபதேசம் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தேன். ஒரு கிழமைக் குப்பையை உரப்பையில் சேர்த்து, கழுவிக் காயவைத்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். பாயில் கொட்டிப் பிரித்தபோது எனக்கே வியப்பு. சொப்பிங் பைதான் கூட இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இல்லை. சலவைத் தூள், கோப்பித்தூள், பால்மா, பிஸ்கற் முதலியவற்றின் சின்னஞ்சிறு பைக்கற்றுகளே குவிந்து கிடந்தன. இன்னொன்றும் தெரிந்தது. அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுப் பையில் அவை குறைவு. நாட்கூலிக்குப் போகிற பெண்களின் பைகளில்தான் மிக அதிகம்.

காரணத்தை அந்தப் பெண்களில் ஒருவரே சொன்னார். “பாதர், பெரிய பைக்கற் மலிவெண்டு எங்களுக்குத் தெரியாதே? இண்டைக்குக் கையில இருக்கிற காசுக்கு இண்டைக்குத்தானே வாங்கலாம்.”

சுற்றாடல் பற்றி எழுதுகிற நம்மில் பலர் இதைக் கவனிப்பதில்லை. சில்லறையாக வாங்குகிறவர் ஒவ்வொரு கிராமுக்கும் கூடுதலான விலை கொடுக்கிறார்; குப்பையையும் சேர்த்து வாங்குகிறார்; அதை எரித்த புகையையும் அவர் பிள்ளையே குடிக்கிறது. 2025 நவம்பர் முதலாந் திகதியிலிருந்து சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்று அரசாங்கம் விதித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் நாட்கூலிக்காரியின் கையில் மொத்தமாக வாங்கும் காசு இல்லாத வரைக்கும் சின்னப் பைக்கற் ஒழியாது.

ஆகவே சங்கத்தின் சுழற்சி நிதியிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கினோம். பருப்பு, சீனி, தேங்காய் எண்ணெய், சலவைத் தூள் ஆகிய நான்கை மட்டும் மூடையாகவும் கலனாகவும் மொத்தக் கடையில் எடுத்து, ஓர் அங்கத்தவர் வீட்டு விறாந்தையில் வைத்து அளந்து கொடுப்பது. வாங்குபவர் ரின்னோ போத்தலோ கொண்டுவர வேண்டும். ஐம்பது கிராமும் வாங்கலாம், விலை கிலோக் கணக்கில்தான். முதல் மாதம் எண்ணெய் அளவில் பிழை வந்து இரண்டு பேர் கதைக்காமல் விட்டார்கள். பருப்பில் வண்டு விழுந்தது. சந்திக் கடைக்காரர் என்னிடம் வந்து, “பாதர், என்ர பிழைப்பிலயும் கை வைக்கிறீங்களோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேசிப் பார்த்ததில், அவரே மூடையை எடுத்துத் தன் கடையில் அளந்து கொடுக்கவும், இலாபத்தைச் சிறிது குறைக்கவும் சம்மதித்தார். சலவைத் தூள் மட்டும் இன்னும் விறாந்தையில்தான்.

அடுத்த திருவிழாவுக்கு லஞ்ச் சீற் வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனம். வீட்டிலிருந்து கோப்பை கொண்டுவரச் சொல்லலாம் என்றேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்ன செய்வார்கள், நெளிந்த கோப்பையோடு வர வெட்கப்படுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். சரி, சில்வர் கோப்பைகளை வாடகைக்கு எடுப்போம் என்றேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “கழுவுறது ஆர், பாதர்?” என்றார். கூட்டம் அமைதியாயிற்று. யூன் மாதத்தில் எங்கள் கிணறுகள் இறங்கிவிடும். அத்தனை கோப்பைக்கும் தண்ணீர் அள்ளி முதுகு முறிவது யார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

முடிவு இரண்டாயிற்று. சோற்றுப் பொதிக்குப் பதிலாகக் கஞ்சி, அதுவும் பனையோலைப் பிளாவில். ஓலை ஊரிலேயே இருக்கிறது, கழுவத் தேவையில்லை, குடித்து முடிந்ததும் தென்னங்கன்றின் பாத்திக்குள் போடலாம். பிளா மடிப்பவர்களுக்கு ஒரு சிறு கூலியும் வைத்தோம். கிடாரங்களையும் கரண்டிகளையும் கழுவும் பொறுப்பு கடற்றொழிலாளர் சங்கத்து ஆண்களுக்கு. ஆரம்பத்தில் சிரித்தார்கள். வலை கழுவத் தெரிந்தவனுக்குக் கிடாரம் கழுவத் தெரியாதா என்று சங்கத் தலைவரே சொன்ன பிறகு சிரிப்பு அடங்கியது.

அந்தத் திருவிழாவிலும் யாரோ ஒரு பெட்டி யோகட் நேர்த்தியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அந்தக் கோப்பைகளை ஆச்சியின் பேரன்தான் பொறுக்கிச் சேர்த்தான். அடியில் துளையிட்டு, பப்பாசி விதை ஊன்றி, வேலியோரமாக அடுக்கி வைத்திருந்தான்.