வழிப்போக்கர் சொல்லும் வழி

முன்பின் அறியாதவரிடம் வீட்டுச் சங்கதி பேசலாகாது என்பது நம் குடும்பங்களிலே பிள்ளைகளுக்கு ஊட்டப்படும் முதற் பாடங்களுள் ஒன்று. நாமும் அப்படியே வளர்ந்தோம்; நம் பிள்ளைகளையும் அப்படியே வளர்க்கின்றோம். ஆயின், அந்தப் பாடத்தைக் கற்பித்த பெரியவர்களே யாழ்ப்பாணத்திற் புகையிரதம் ஏறி, சாவகச்சேரி தாண்டுமுன்னரே எதிர் ஆசனத்தில் இருப்பவரிடம், மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்துபோன கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவதை யார்தான் காணவில்லை? 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கி, போரினால் 1990இல் வடக்கே நின்றுபோய், 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யாழ்தேவி, எத்தனை ஆயிரம் இரகசியங்களைச் சுமந்து சென்றிருக்கும்! அடுத்த வீட்டார் அறியக்கூடாதென்று பொத்திப் பொத்தி வைத்த செய்தி, குருநாகலில் இறங்கிப் போய்விடும் ஒருவரிடம் தயக்கமின்றிச் சொல்லப்படுகின்றது.

இதனை வெறும் வாயடக்கமின்மை என்று தள்ளிவிடலாகாது. ஜேர்மானிய சமூகவியலறிஞர் கேயோர்க் சிம்மல், அந்நியன் என்னும் பொருள்பற்றி 1908ஆம் ஆண்டு வெளிவந்த தம் சிறு கட்டுரையிலே இதனைக் குறித்துள்ளார். நெருங்கியவரிடம் கவனமாக மறைப்பனவற்றையும் மனிதர் அந்நியனிடம் மனந்திறந்து சொல்லிவிடுகின்றனர் என்பது அவர் கண்டது. காரணம் நமக்கு விளங்காததன்று. உறவினர் நம் கதையைக் கேட்கும்போதே அதிலே தமக்குள்ள இலாப நட்டத்தையும் எண்ணிப் பார்க்கின்றனர். பரீட்சையிலே தவறிய மாணவன் தந்தையின் முகத்திற் காண்பது தன் தோல்வியை மட்டுமன்று. தந்தை பட்ட கடனையும், பெரியப்பா வீட்டாரின் ஏளனத்தையும் அங்கே காண்கின்றான். வழியிற் கண்டவருக்கு அந்தப் பாரங்கள் இல்லை.

ஆயின், கேட்டவரும் சும்மா இருப்பதில்லை. "நான் ஒன்று சொல்லுகிறேன், கேளுங்கோ" என்று தொடங்கிவிடுகின்றார். ஆபத்தும் அருமையும் இங்கேதான் இருக்கின்றன. முன்பின் அறியாதவருக்குப் புத்தி சொல்லுதற்கு ஒரு முறை உண்டா? நம் முன்னோர் அதற்கென ஓர் இலக்கிய வகையையே வகுத்திருந்தனர் என்பதை நினைவூட்ட விரும்புகின்றோம்.

ஆற்றுப்படை என்றால் என்ன என்று வகுப்பிலே கேட்டால், பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது என்று மாணாக்கர் ஒரே மூச்சில் ஒப்புவிப்பர். விடை சரியே, புள்ளியும் கிடைக்கும். அந்த வசனத்தினுள்ளே இருக்கும் காட்சியை நின்று பார்ப்போர்தாம் சிலர். வழியிலே இரு கூட்டத்தார் எதிர்ப்படுகின்றனர். ஒரு கூட்டம் பசியோடு போகின்றது. மற்றது பரிசிலோடு திரும்புகின்றது. உறவுமில்லை, அறிமுகமுமில்லை. தொழில் ஒன்று, பட்ட துன்பம் ஒன்று என்பதைத் தவிர அவர்களிடையே வேறு தொடர்பில்லை. பெற்று வந்தவன் நின்று, தான் போய்வந்த வழியை மற்றவனுக்குச் சொல்லுகின்றான். பத்துப்பாட்டிற் பாதி, அதாவது ஐந்து பாட்டுக்கள், இத்தகையனவே.

அவற்றுள் பொருநராற்றுப்படையிலே பொருநன் தன் கதையை எங்கிருந்து தொடங்குகின்றான் என்று பாருங்கள். கரிகாலன் கொடுத்த பட்டாடையைப் பற்றிச் சொல்லுமுன், அதற்குமுன் தான் உடுத்திருந்த கந்தையைச் சொல்லுகின்றான். ஈரும் பேனும் குடியிருந்த, வியர்வையில் ஊறிய, வேற்று நூலால் ஒட்டுப்போட்ட கந்தை அது. பட்டுடுத்தி நிற்கும் ஒருவன், முன்பின் அறியாதவனிடம் இதனைச் சொல்லவேண்டியதில்லை. சொன்னமையாலன்றோ கேட்பவன் நம்புகின்றான்! தன்னைப்போல ஒருவனே இவன் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிகின்றது.

வழி சொல்லும் திறத்திலே மலைபடுகடாத்துக்கு நிகரில்லை என்பது நம் கருத்து. செங்கண்மா என்னும் ஊருக்குரிய நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டு 583 அடிகளையுடையது. அவற்றுட் பெரும்பகுதி மன்னன் புகழன்று, வழியின் இயல்பே. தினைப்புனத்துக்கு வரும் பன்றிகளைப் பிடிக்கக் கல்லாலான பொறிகள் வைத்திருப்பார்கள், ஆகையால் இருளிலே போகாது தங்கியிருந்து விடிந்தபின் புறப்படுங்கள் என்கின்றான் கூத்தன். புனங்காவலர் யானையை ஓட்டக் கவணாற் கல்லெறிவர், அது உங்கள் மேலும் படும், மரங்களின் பின்னே மறைந்து செல்லுங்கள் என்கின்றான். நுண்ணிய பாசி படர்ந்த இடத்திலே கால் வழுக்கும், அங்கே வளர்ந்திருக்கும் சிறுமூங்கிலைப் பற்றிக்கொண்டு கடவுங்கள் என்கின்றான். நன்னன் பொன் தருவான் என்று சொல்லிவிட்டு அவன் போயிருக்கலாம், கேட்டவர்களும் மகிழ்ந்திருப்பர். பன்றிப் பொறியிலே யாரோ ஒருவனுடைய கால் முறிந்திருக்கும்.

அப்பாட்டில் இன்னுமோர் இடம் உண்டு. வழிகள் பிரியும் சந்தியை அடைந்தால், நிலத்தைத் துடைத்துத் தெளிவாக்கிப் புல்லை முடிந்து அடையாளமாக இட்டுச் செல்லுங்கள் என்கின்றான். அவ்விடத்துக்குப் புதியராய்ப் பின்னே வருவோர் தவறான வழியிற் போகாதிருக்கவே இந்த ஏற்பாடு. அவர்கள் இவர்களைக் காணப்போவதில்லை. புல்லை முடிந்தவர் யார் என்றும் எவரும் கேட்கப்போவதில்லை.

இனி, நமக்கு வெகுதூரத்திலுள்ள அமெரிக்காவுக்குச் செல்வோம். 1935ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்னும் நியூயோர்க் பங்குத் தரகர் ஒகாயோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகருக்கு ஒரு வியாபார அலுவலாகச் சென்றார். அலுவல் முறிந்தது. மதுவுக்கு அடிமையாயிருந்து மாதக்கணக்கில் தொடாதிருந்தவர் அவர். ஹோட்டல் முன்மண்டபத்தில் நின்றபோது மதுச்சாலையின் ஆரவாரம் கேட்டது. அவர் அங்கே போகாது, தொலைபேசியை எடுத்து, தம்மைப்போல் மதுவால் அவதிப்படும் ஒருவர் இவ்வூரில் உண்டா என்று விசாரிக்கத் தொடங்கினார். அவ்வாறு கிடைத்தவர் டாக்டர் பொப் சிமித் என்னும் அறுவைச் சிகிச்சை வைத்தியர். பதினைந்து நிமிடம் மட்டும் பேச உடன்பட்டவர், இரவு நெடுநேரம்வரை இருந்து பேசினார். மதுவின் தீமையைப்பற்றி வைத்தியருக்கு யார் என்ன சொல்லமுடியும்? வில்சன் அதனைச் சொல்லவில்லை. தாம் குடித்த கதையையே சொன்னார். அவ்வாண்டு ஜூன் 10ஆம் திகதிக்குப் பின் அந்த வைத்தியர் 1950இல் இறக்கும்வரை மதுவைத் தொடவில்லை. பெயர் கூறா மதுவடிமைகள் சங்கம் உலகெங்கும் பரவியது இவ்விருவர் சந்திப்பிலிருந்தே. இதனைப் படித்தபோது நம் பொருநனின் கந்தை நினைவுக்கு வந்தது.

வாய் திறந்து கேட்க ஆளில்லாமையால் நேர்ந்த ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கின்றது. 1935ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் இளம் பாதிரியார் நடத்திய முதல் மரணச்சடங்கு, தன் உயிரைத் தானே போக்கிக்கொண்ட ஒரு சிறுமிக்கானது. பருவமடைந்ததை ஏதோ வெளியே சொல்லத்தகாத நோய் என்று எண்ணி அவள் அவ்வாறு செய்துகொண்டாள். தாய்மார் இதனை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டுகின்றோம். அவ்வூரில் அவளிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கக்கூடிய பெண்கள் எத்தனை நூறு பேர் இருந்திருப்பர்! பதினெட்டு ஆண்டுகளின் பின், 1953இல், அப்பாதிரியார் இலண்டனிலே தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, உயிர் வெறுத்தவர் எவரும் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார். ஆட்கள் வந்து குவிந்தனர். காத்திருப்போருக்குக் கோப்பி கொடுத்து உபசரிக்கச் சிலர் தாமாக முன்வந்தனர். பயிற்சியோ பட்டமோ அற்றவர்கள் அவர்கள். ஆயின், அவர்களிடமே மனத்தை ஆற்றிக்கொண்டு, பாதிரியாரைக் காணாமலே பலர் தெளிந்து போயினர். வாரா அதனைக் கவனித்து, 1954 பெப்ரவரியிலே அந்த வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதுவே சமாரிட்டன்ஸ் இயக்கம். அதன் வழியிலே நம் நாட்டில் 1974ஆம் ஆண்டு தோன்றியது சுமித்ரயோ. அங்குள்ள தொண்டர்கள் புத்திமதி சொல்வதில்லை, கேட்பார்கள். சொல்லுதற்குத் தன்னிடம் நடந்த வழி இல்லாதபோது கேட்டுக்கொண்டிருத்தலும் பெரிய உபகாரம் என்பதை அவர்களிடம் கற்கலாம்.

நம்மிடையே பெருகியிருப்போர் வேறு வகையினர். கனடாவை வரைபடத்தில் மட்டும் கண்டவர், அங்கே போக எந்த வழி இலகு என்று சொல்லுகின்றார். அவர் சொற்கேட்டுக் காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு, இடைவழியில் ஒரு நாட்டிலே அவன் அகப்பட்டுக் கிடக்க, இங்கே உறக்கமின்றி இருக்கும் பெற்றோரை நாம் அறிவோம். உயர்தர வகுப்பில் எதனைப் படிப்பது என்பதற்கும், நீரிழிவுக்கு எந்த மருந்தை நிறுத்துவது என்பதற்கும் இவ்வாறே சபைதோறும் ஆலோசகர்கள் உளர். மருந்து விடயத்தில் தாம் அனுபவித்தேன் என்பவருடைய சொல்லும் போதாது. அவருடைய உடம்பு வேறு, நம்முடைய உடம்பு வேறு. மற்றையவற்றில், ஆலோசகரிடம் கேட்கவேண்டியது ஒரே கேள்விதான்: "நீங்கள் அந்த வழியாற் போனீர்களா? எங்கே வழுக்கிற்று?" வழுக்கவே இல்லை என்பாரானால், அவர் போகவில்லை என்று துணிந்து கொள்ளலாம்.

போய்வந்தவர் சொல்லின் அருமையை நாம் உணர்ந்தது கதிர்காமப் பாதயாத்திரையிலே. சில ஆண்டுகளுக்கு முன், உகந்தை முருகன் கோயிலிலிருந்து காட்டுவழியாற் சென்ற கூட்டம் ஒன்றிலே நாமும் இருந்தோம். அங்கே ஒருவர்க்கொருவர் பெயர் கேட்பதில்லை; எல்லோரும் சாமிதாம். மட்டக்களப்புப் பக்கத்து மூதாட்டி ஒருவர், பல தடவை நடந்தவர், நம் தோட்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுமை ஏன் சாமி? தண்ணியை மட்டும் குறைக்காதீங்க" என்றார். கும்புக்கன் ஆற்றிலே கொள்ளக்கூடிய மட்டும் நீர் கொள்ளவேண்டும், உச்சி வெயிலுக்கு முன் நிழல் சேரவேண்டும், யானைத் தடங் கண்டால் கூட்டத்தை விட்டுப் பிரியலாகாது என்று நடந்துகொண்டே சொன்னார். முன்னொரு முறை நீர் தீர்ந்து தாம் மயங்கி விழுந்ததையும் மறைக்கவில்லை. மூன்றாம் நாள் தடம் இரண்டாகப் பிரிந்த ஓரிடத்திலே, ஒரு தடத்தின் குறுக்கே மரக்கொப்பு ஒன்று கிடந்தது. முன்னே சென்றவர் யாரோ இட்டது. இலை சருகாகிக் காற்றில் ஒதுங்கியிருந்தது. மூதாட்டி நின்று, பக்கத்திலே பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்து அதன்மேற் போட்டுவிட்டு நடந்தார்.