ஒலிக்கூடம் வீட்டுக்குள் வந்தது, உரிமை வந்ததா?



பாட்டுக் கட்டுவோருக்கும், பறை முழக்குவோருக்கும் நம் நாட்டில் என்றைக்கும் பஞ்சமில்லை. அந்த ஒலியைப் பிடித்து வைக்கும் கருவிதான் அவர்கள் கைக்கு எட்டாமல் இருந்தது.

1902-இல் கெய்ஸ்பெர்க் என்னும் வெள்ளைக்காரர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அந்தப் பதிவு கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், இசைத்தட்டாகத் திரும்பி வந்தது. குரல் நம்முடையது, கருவி, ஆலை, வாணிபம் யாவும் கம்பெனிக்காரனுடையது! பின்னர் கோடம்பாக்கத்தில் ஒலிக்கூடங்கள் எழுந்தன. வாடகை கொடுக்க வல்லவனுக்கே அங்கும் கதவு திறந்தது.

1989-இல் ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டு வளாகத்திலேயே ஒலிக்கூடம் அமைத்தார். 1992-இல் ‘ரோஜா’ வந்தது. வீட்டிலிருந்தும் நாட்டைக் கேட்க வைக்கலாம் என்பது மெய்யாயிற்று. ஆனால், அன்று அதற்குப் பெருந்தொகை வேண்டியிருந்தது.

இன்று? ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஒலியை எண்ணாக மாற்றும் சிறு பெட்டி, ஒரு ஹெட்போன். போதும்! ‘ஆடாசிட்டி’ என்னும் பதிவு மென்பொருள் 2000 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு நொடி ஒலியை 44,100 துணுக்குகளாக அளந்து எழுதும் வேலையை, பெருங்களத்தூர் வாடகை வீட்டின் ஓர் அறையே செய்துவிடும். சுவரில் போர்வை தொங்கினால் எதிரொலி அடங்கும். ரயில் போன பிறகு பதிவு செய்தால் இரைச்சல் குறையும். பறைக்கு மைக்கைச் சில அடி தள்ளி வையுங்கள்; அளவைக் குறைத்து வையுங்கள். எல்லை மீறிச் சிதறிய ஒலியைப் பின்னர் சீராக்குவது கடினம்.

“கணினிக்குள்ளேயே பறை இருக்கிறதே, பறைக்காரர் எதற்கு?” என்று கேட்பார் உண்டு. கணினி அடித்ததையே அடிக்கும். மனிதரோ பாடுபவரின் மூச்சைப் பார்த்து அடிப்பார்! கீபோர்டு வந்தபோது, ஒலிக்கூடங்களில் வரிசையாக உட்கார்ந்து வாசித்த எத்தனையோ கலைஞர்கள் வேலை இழந்தார்கள். முதலாளி செய்த அதே காரியத்தை நாமும் நம் வீட்டில் செய்வதா?

இனி, முக்கியமான செய்தி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கே உரியது. 2012-இல் வந்த திருத்தம், பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குச் சேர வேண்டிய ராயல்டியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி காப்பு அளித்தது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும்கூட, வணிகப் பயன்பாட்டில் பங்கு உண்டென்றது.

ஆனால், ஏட்டிலே இருக்கும் சட்டம் தானாக வீடு தேடி வராது! பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், வாசித்தவர் யார், யாருக்கு எத்தனை பங்கு என்று. எல்லோரும் கையெழுத்திடுங்கள். மூலப் பதிவை இரண்டு இடங்களில் சேமியுங்கள். “வெளியிட்டுத் தருகிறோம்” என்று வருபவன் நீட்டும் காகிதத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்ற சொல் இருந்தால், பேனாவை மூடி வையுங்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மெப்ஸ் ஆலையில் பகலெல்லாம் உழைத்து, இரவில் பாட்டுக் கட்டும் தோழனே! கூலியில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கேட்கிறாய். பாட்டுக்கு மட்டும் கணக்குக் கேட்காமல் இருக்கலாமா? அதுவும் உன் உழைப்புத்தான்!