உஷார்! மெராவ்கேயில் காடு கையெழுத்தில் போய்க்கொண்டிருக்கிறது

மெராவ்கேயைக் கவனியுங்கள். இந்தோனேசியாவின் தென்கிழக்குக் கடைக்கோடி அது; அதைத் தாண்டினால் பப்புவா நியூ கினி. அந்த மாவட்டத்தில் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில், அதாவது மொத்தப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கில், நெல்லும் கரும்பும் போடப்போகிறோம் என்று அரசு இறங்கியிருக்கிறது. 2024 ஜூலையில் அன்றைய அதிபர் ஜோகோ விடோடோ அங்கே போய்க் கரும்பு நட்டார். அக்டோபரில் பதவியேற்ற பிரபோவோ சுபியாந்தோ இரண்டே வாரத்தில் வானாம் கிராமத்துக்கு வந்து நின்றார். வானாமிலிருந்து முட்டிங் நோக்கிக் காட்டைப் பிளந்துகொண்டு 135 கிலோமீட்டர் சாலை. அந்த வேலைக்கென்று 2,000 பொக்லைன் இயந்திரங்களுக்கு ஏற்பாடு. ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் 2025இல் எச்சரித்தபடி, சுற்றியுள்ள 40 கிராமங்களில் 50,000க்கும் அதிகமான பழங்குடி மக்கள் இந்தத் திட்டத்தின் வழியில் இருக்கிறார்கள்.

அந்த மக்கள் எதை இழக்கப்போகிறார்கள் என்று தெரிய, அவர்களில் மாரிந்த் இனத்தவரின் ஊரில் சோறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சதுப்பில் நிற்கும் சாகோ பனையிலிருந்து வருகிறது. நம் ஊரில் மரவள்ளிக் கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்கிறோம். அங்கே பனையின் தண்டுக்குள்ளேயே மாவு இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தைப் பூ விடுவதற்கு முன் சாய்த்து, தண்டைப் பிளந்து, உள்சோற்றைக் கொத்தி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மாவைப் படிய விடுகிறார்கள். ஒரே மரத்தில் 150 முதல் 300 கிலோ மாவு கிடைக்கும். அதில் தேங்காய்த் துருவலும் மான் இறைச்சியும் சேர்த்து, கறையான் புற்றுக் கட்டிகளைத் தீயில் பழுக்கக் காய்ச்சி அதன் சூட்டில் வேகவைத்தால் சாகு செப். அந்தப் புற்றுகளுக்கு முசாமுஸ் என்று பெயர். ஆளைவிட உயரமாக நிற்பவை, அந்த மண்ணின் அடையாளமே அவைதான். மீனும் காட்டுப்பன்றியும் சிறு கங்காருவும் அதே காட்டில். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மரமோ விலங்கோ மூதாதை: கெப்ஸே குலத்துக்குத் தென்னை, பாசிக்-பாசிக் குலத்துக்குப் பன்றி. ஊரில் ஒருவர் இறந்தால் ஒரு பகுதியை 'சாசி' என்று அடைத்துவிடுவார்கள்; தடை நீங்கும் வரை யாரும் அங்கே வேட்டையாடவோ எதையும் எடுக்கவோ கூடாது. காடு மூச்சு விட்டுக்கொள்ளும்.

இந்த வாழ்க்கையில் குறையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மலேரியா உண்டு. உள்ளூர்களில் ஆசிரியர் வராத பள்ளிகளும் மருந்து இல்லாத சுகாதார நிலையங்களும் உண்டு. அதே பகுதியிலுள்ள அஸ்மாட் மாவட்டத்தில் 2017 கடைசியிலும் 2018 தொடக்கத்திலும் தட்டம்மையும் ஊட்டச்சத்துக் குறைவும் சேர்ந்து 70க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றன. ஆகவே 'சாலை வரும், பள்ளி வரும், வேலை வரும்' என்று யாராவது வந்து சொன்னால் பெற்றோர் மனம் இளகத்தான் செய்யும். ஆபத்து நுழைவது அந்த இடத்தில்தான்.

நுழையும் முறையும் பழகிப்போன ஒன்று. முதலில் அதிகாரிகளோடு நிறுவனத்தார் வருவார்கள். 'கதவு தட்டும் பணம்' என்று ஒரு தொகையைக் குலத் தலைவர்களிடம் கொடுப்பார்கள். அரிசி, சர்க்கரை, சிகரெட் வரும். பன்றி அடித்து விருந்து நடக்கும். கூட்டத்துக்கு வந்தோம் என்று போட்ட கையெழுத்தும், பணம் பெற்றுக்கொண்டோம் என்று போட்ட கையெழுத்தும், பிறகு நிலத்தை விட்டுக்கொடுத்த சம்மதமாகக் காட்டப்படுகின்றன. கூட்டத்தில் சீருடைக்காரர்கள் இருந்தால் மறுத்துப் பேச யாருக்கு நா எழும்? 2024இல், மெராவ்கே அடங்கிய இந்தோனேசியப் பப்புவாவுக்கென்றே ஐந்து புதிய ராணுவப் பட்டாலியன்கள் உருவாக்கப்பட்டதையும் உணவுத் திட்டத்துக்குத் துணை நிற்பது அவற்றின் வேலைகளில் ஒன்று என்று சொல்லப்பட்டதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஸனேகி கிராமத்தில் இது நடந்து முடிந்திருக்கிறது. 2010இல் இதே மெராவ்கேயில் 'மிஃபீ' என்ற பெயரில் 12 லட்சம் ஹெக்டேருக்கு மேல் உணவு, எரிசக்தித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஸனேகிக்கு மரச்சில்லு நிறுவனம் வந்தது. 'அன்பின் அடையாளமாக' 30 கோடி ருப்பியா கொடுத்தது. அன்றைய நம் பணத்தில் 15 லட்ச ரூபாய் தேறும். வெட்டிய மரத்துக்குக் கன மீட்டருக்கு 2,000 ருப்பியா, அதாவது நம் பத்து ரூபாய். மான் போயிற்று, மீன் போயிற்று, சாகோ தோப்புக்குப் போகும் வழி தூரமாயிற்று. ஆண்களுக்குக் கொஞ்ச நாள் கூலி கிடைத்தது. 2013இல் அந்த ஊர்க் குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்த செய்தி வெளியே வந்தது. உணவுத் திட்டம் என்று பெயர் வைத்த இடத்தில் குழந்தைகள் பசியால் செத்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் அடங்கவில்லை, அடங்கவும் கூடாது.

அரிசி விளைந்தாவது ஈடு கட்டுமா என்றால், அதற்கும் இந்தோனேசியாவிடமே பதில் இருக்கிறது. மத்திய கலிமந்தான் மாகாணத்தில் 1996இல் அன்றைய அதிபர் சுஹார்த்தோ பத்து லட்சம் ஹெக்டேர் பீட் சதுப்பை நெல்வயலாக்கப் புறப்பட்டார். பீட் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் மட்காமல் சேர்ந்த இலை தழை; மீட்டர் கணக்கில் ஆழம் இருக்கும். நனைந்திருக்கும் வரை சாது. அதில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். மண் காய்ந்து அமுங்கியது. சில இடங்களில் அடியில் கிடந்த கந்தகச் சேர்மத்தில் காற்றுப் பட்டு நீர் அமிலமானது. அடுத்த ஆண்டே எல் நினோ வறட்சி வந்தது, தீப் பிடித்தது, மண்ணே எரிந்தது. அந்த ஆண்டுப் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. 1999இல் திட்டத்தை அதிகாரப்பூர்வமாகக் கைவிட்டார்கள். மண் மட்டும் அதன்பிறகும் வறண்ட ஆண்டுகளில் எரிந்துகொண்டே இருக்கிறது.

அங்கே ஏமாந்தவர்கள் பூர்வகுடி டயாக் மக்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜாவாவிலிருந்து குடும்பம் குடும்பமாக, சுமார் 60,000 பேரைக் கூட்டிவந்து குடியமர்த்தினார்கள். வீடு, நிலம், தொடக்க மாதங்களுக்கு அரிசி என்று வாக்குக் கொடுத்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. தலைமுறை தலைமுறையாக நெல் அறிந்தவர்கள். அந்த மண்ணில் அந்த அறிவு செல்லவில்லை. பலர் திரும்பிப் போனார்கள், பலர் கூலிக்குப் போனார்கள். மெராவ்கேயில் நெல் விளையவே விளையாது என்று நான் சொல்லமாட்டேன். குரிக், தானா மிரிங், செமங்கா பகுதிகளில் முன்னரே குடியேறிய ஜாவா விவசாயிகள் பல்லாண்டாக விளைவிக்கிறார்கள். அது சிறுகச் சிறுக, தண்ணீர் பார்த்து, மண் பார்த்து வந்த விவசாயம். ஒரே மூச்சில் லட்சக்கணக்கான ஹெக்டேரைப் புரட்டுவதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது மோசடி. நிலமும் வீடும் தருகிறோம் என்று யாராவது புதிதாக அழைத்தால், ஜாவாவின் நிலமற்ற இளைஞன் கேட்க வேண்டியது: அது என்ன மண், கோடையில் தண்ணீர் எங்கே, அந்த நிலம் நேற்றுவரை யாருடையது?

மாரிந்த் மக்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் காட்டு எல்லைகளில் சிவப்பு வண்ணம் பூசிய சிலுவைகளை நட்டிருக்கிறார்கள்; கத்தோலிக்கர்களான அவர்களுக்கு அதைவிடப் பெரிய தடைச்சொல் கிடையாது. சட்டமும் ஓரளவு துணைக்கு இருக்கிறது. 2013 மே மாதம் வந்த அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு, மரபுவழிக் காடு அரசுக் காடு ஆகாது என்றது. ஆனால் அந்த உரிமையை நிலைநாட்ட உள்ளூர் அரசு அந்தச் சமூகத்தை அங்கீகரிக்க வேண்டும், எல்லை வரைபடம் வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். பொக்லைன் அதற்குள் வந்துவிடும். பக்கத்து போவன் டிகூல் மாவட்டத்தில் ஆவ்யூ இனத்தவர் பாமாயில் நிறுவனத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய் 2024இல் தோற்றார்கள்.

பாமாயில் என்றதும் நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும். உலகிலேயே அதிகமாகப் பாமாயில் வாங்கும் நாடு இந்தியா. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் கொடுக்கும் பாமாயிலும் இறக்குமதிதான். மெராவ்கேயிலும் போவன் டிகூலிலும் காட்டை அழித்த பாமாயில் தோட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. காடழிவுக்கு அஞ்ச வேண்டாம், எண்ணெய்ப் பனையும் மரம்தானே, அதற்கும் இலை இருக்கிறதே என்று அதிபர் பிரபோவோ 2024 டிசம்பரில் பேசினார். நெல்லும் கரும்பும் பொய்த்தால் அந்த வெட்டவெளியில் அடுத்து எது நடப்படும் என்று இப்போதே கேட்டுவைக்க வேண்டும். ஏழை வீட்டு அடுப்பிலிருந்து அந்த எண்ணெயைப் பிடுங்கச் சொல்லவில்லை. டெண்டர் விடும் அரசு எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

எல் நினோ எப்படியும் திரும்ப வரும். 2015இல் வந்தபோது மெராவ்கேயிலும் காடு எரிந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் நெல் கருகும். சதுப்பில் நிற்கும் சாகோ பனையோ வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும், மரத்துக்குள் மாவு பத்திரமாக இருக்கும். மாரிந்த் ஊர்களின் பஞ்சக் கையிருப்பு அதுதான். வானாம் சாலையோரத்தில் இன்று சாய்க்கும் தோப்புக்குப் பதிலாக நாளைக்கே கன்று நட்டாலும், அது மாவு தரப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும்.