கேபிளைச் செருகினால் போதுமா?

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்குப் போனால் பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் வாட்ச்மேன் உள்ளே விடுவார். ஆனால் ரிசப்ஷன் சோபாவுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் நெட்வொர்க் பாயின்ட்டில் லேப்டாப்பைச் செருகினால், பல இடங்களில் ஒரு கேள்வியும் வராது. டேலி சர்வர், பம்ப் டிராயிங்குகள், சிசிடிவி பதிவுகள் எல்லாம் அதே நெட்வொர்க்கில்தான் கிடக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் 802.1எக்ஸ் இருக்கிறது. ஐஇஇஇ அமைப்பு 2001-லேயே வெளியிட்ட தரநிலை இது. கேபிளைச் செருகியதும் ஸ்விட்ச், அல்லது ஸ்விட்ச் போர்ட்டுகள் கொண்ட ரவுட்டர், 'யார் நீ?' என்று கேட்கும். வரும் பதிலை, அதைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வருக்கு அனுப்பும். சர்வர் சரி என்றால்தான் போர்ட் திறக்கும். எந்த விலானில், அதாவது நெட்வொர்க்கைப் பிரித்த எந்தப் பகுதியில், விடுவது என்றும் சர்வரே சொல்லலாம். ஃப்ரீரேடியஸ் போன்ற இலவச மென்பொருள் இருப்பதால், சர்வருக்குச் செலவாகுமே என்று தயங்கத் தேவையில்லை.

சிரமம் செலவில் இல்லை, செய்யும் வரிசையில் இருக்கிறது. சிஸ்கோ ரவுட்டரில் இதற்கு முதலில் தேவையான 'ஏஏஏ நியூ-மாடல்' கட்டளையை அடித்த கணமே, தொலைவிலிருந்து நுழைபவரிடம் அது யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கத் தொடங்கும். லோக்கல் யூசர் ஒருவரை முன்பே உருவாக்காதவர், அடுத்த முறை கன்சோல் கேபிளோடு ரேக்குக்கு முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். 802.1எக்ஸை இயக்கும் 'டாட்1எக்ஸ் சிஸ்டம்-ஆத்-கண்ட்ரோல்', போர்ட்டில் 'போர்ட்-கண்ட்ரோல் ஆட்டோ' எல்லாம் அதற்குப் பிறகு. விண்டோஸ் லேப்டாப்பிலும் ஒரு வேலை உண்டு: 'ஒயர்டு ஆட்டோகான்ஃபிக்' என்ற சர்வீஸ் பொதுவாகத் தானாக ஓடுவதில்லை. அதை ஓடவிடாமல், ரேடியஸ் சர்வரில் கோளாறு தேடிக் காலை முழுவதையும் தொலைப்பவர்கள் உண்டு.

பிரிண்டருக்கும் பழைய கேமராவுக்கும் 'யார் நீ?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது. அவற்றை, சாதனத்தின் அடையாள எண்ணான மேக் முகவரி பார்த்து உள்ளே விடலாம். ஆனால் அந்த முகவரி பெட்டியின் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். அதை யாரும் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். எனவே கேமராக்களைத் தனி விலானில் வைத்து, ரெக்கார்டரைத் தவிர வேறெதையும் தொட முடியாதபடி அடைப்பது அவசியம்.

போர்ட்டில் கேள்வி கேட்பதால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடாது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையச் செய்தியில் அடிபட்ட தீநிரல், நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒருவரின் கணினியில்தான் இருந்தது. முக்கிய உள் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதாக அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. அனுமதி பெற்ற கணினிக்குள் நுழைந்துவிட்ட தீநிரலை 802.1எக்ஸ் தடுக்காது, அங்கே நெட்வொர்க்கைப் பிரித்து வைத்திருப்பதுதான் கைகொடுக்கும்.

கொங்குப் பகுதியின் சிறு தொழிற்சாலைகள் எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ரிசப்ஷன், கேன்டீன், மீட்டிங் ரூம், கேட்டுக்கு வெளியே தொங்கும் கேமராவின் கேபிள் என வெளியாள் கை எட்டும் இடங்களை முதலில் மூடலாம். ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் அப்லிங்க் போர்ட்டில் மட்டும் மறந்தும் 802.1எக்ஸைப் போட்டுவிடக் கூடாது.